கம்ப்யூட்டர் ஏற்கவில்லை என்றால்? செட்டிநாட்டில் ஆன்லைன் அரசுச் சேவைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் வட்டாரங்களில் பெரியவர்களுக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட உதவுபவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. அரசுச் சேவை கணினிக்கு மாறுவது எப்படி இருந்தால் நியாயம், எங்கே அநியாயமாகிறது, அப்போது எந்தக் கதவைத் தட்டுவது என்று என்னால் முடிந்தவரை எழுதியிருக்கிறேன்.

சான்றிதழ், பட்டா, ரேஷன் எல்லாமே ஆன்லைனுக்கு வந்துவிட்டது. நல்லதுதானே? இதில் நியாயம், நெறி என்று பேச என்ன இருக்கிறது?

நல்லதுதான். ஒரு வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று பேர் ஊரில் இருக்கும் நாள் பார்த்து அலைந்த காலம் பலருக்கும் நினைவிருக்கும். இப்போது இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் அது யார் மேசையில் நிற்கிறது என்று எண்ணை வைத்துப் பார்த்துவிடலாம். பட்டா சிட்டாவையும் வில்லங்க விவரத்தையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். இடைத்தரகருக்குக் கொடுத்த பணமும் காத்திருந்த நேரமும் உண்மையிலேயே மிச்சம்.

ஆனால் எந்த இயந்திரமும் சிலரிடம் தவறும். அந்தத் தவறின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதை வைத்துத்தான் ஒரு மாற்றம் நியாயமானதா என்று நான் பார்க்கிறேன். ரேஷன் கடையில் விரல் ரேகை பதியாவிட்டால் கடைக்காரர் வேறு வழி பார்க்கிறாரா, இல்லை எழுபது வயதுப் பாட்டி வெறும் பையோடு திரும்புகிறாரா? பெயரில் ஒரு எழுத்து வேறுபட்டால் அலுவலகம் சரிபார்க்கிறதா, இல்லை விண்ணப்பித்தவர் மூன்று ஊருக்கு அலைகிறாரா? கீழே உள்ள எல்லாப் பதிலும் இந்த ஒரு கேள்வியில் இருந்து வருவதுதான்.

ரேகை விழவில்லை என்று ரேஷன் கடையில் திருப்பி அனுப்புகிறார்கள். அப்படி அனுப்பலாமா?

அனுப்பக் கூடாது. இதில் எந்த மழுப்பலும் வேண்டாம்.

ஆத்தங்குடியில் டைல் போடுபவர்களின் கையைப் பார்த்தால் விஷயம் புரியும். கண்ணாடி மேல் சட்டம் வைத்து, வண்ணம் ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி எடுக்கிற கை அது. சிமெண்டின் காரம் நாள்பட நாள்பட ரேகையைத் தின்றுவிடும். சித்தாள் வேலைக்குப் போகும் பெண்களுக்கும், காலமெல்லாம் பாத்திரம் தேய்த்தவர்களுக்கும், வயதானவர்களுக்கும் இதே நிலைதான். உழைத்த கையைத்தான் அந்தக் கருவி அதிகம் ஏற்க மறுக்கிறது. இதை நான் சாதாரண தொழில்நுட்பக் கோளாறாக நினைக்கவில்லை. யாருக்காக ரேஷன் கடை இருக்கிறதோ அவர்களையே அது வாசலில் நிறுத்துகிறது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம், 7ஆம் பிரிவிலேயே, ஆதார் எண் கிடைக்காதவருக்கு வேறு அடையாளத்தை வைத்துப் பலனைத் தர வேண்டும் என்கிறது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அரசு நலத்திட்டங்களுக்கு ஆதாரை அனுமதித்தபோதும், ரேகை தவறியதற்காகத் தகுதியுள்ளவர் பலனை இழக்கக் கூடாது என்ற கவலையைப் பதிவு செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்காததால் ரேஷன் அட்டை ரத்தாகிப் பட்டினி கிடந்தாள் என்று குடும்பம் சொன்னது. அரசுத் தரப்பு காரணத்தை மறுத்தது. அதை அடுத்து 2017 அக்டோபரில், ஆதார் இல்லை, ரேகை பொருந்தவில்லை என்பதற்காக யாருக்கும் உணவுப் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியது.

நம் மாநிலத்தில் ரேஷன் எல்லாருக்கும் பொது. ரேகை வைக்கும் முறை 2020இல் வந்தது. விழவில்லை என்றால் கருவிழி பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் இல்லை என்றால் கார்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டு வாங்க வழி கேளுங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் தங்கள் சார்பில் வாங்க ஒருவரை நியமித்துப் படிவம் கொடுக்கலாம். வட்ட வழங்கல் அலுவலகத்தில் அந்த விவரம் கிடைக்கும். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் மூத்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே வருகிறது. கடையில் மறுத்தால் 1967 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம். பல நேரம் கருவிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பவர் அவர்.

ஆதாரில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர், பள்ளிச் சான்றில் ஒரு பெயர். ‘பெயர் பொருந்தவில்லை’ என்று விண்ணப்பம் திரும்பி வருகிறது. ஏன் இப்படி?

நம் பக்கத்துப் பெயர்களை நினைத்துப் பார்க்காமல் படிவத்தை வடிவமைத்ததுதான் காரணம். செட்டிநாட்டில் முதலெழுத்து ஒன்றோடு நிற்பதில்லை. தாத்தா, அப்பா என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து, சில வீடுகளில் அதுவே கடையின் விலாசமாகவும் (வணிக அடையாளப் பெயராகவும்) ஆகி, மூன்று நான்கு எழுத்துகள் பெயருக்கு முன்னால் நிற்கும். சில முதலெழுத்துகளே இரண்டு மூன்று எழுத்து நீளம். ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று இரண்டு கட்டம் போட்ட படிவத்தில் இதை எங்கே எழுதுவது? ஒருவர் விரித்து எழுதுவார், ஒருவர் சுருக்குவார், மூன்றாவது இடத்தில் தட்டச்சு செய்பவர் அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கிவிடுவார். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் சேர்ந்துகொண்டால் ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர். வள்ளியம்மை, மெய்யம்மை போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று நீங்களே எழுதிப் பாருங்கள்.

ஊர்ப் பெயரிலும் இதே கதை. சிவகங்கை மாவட்டம் பிறந்தது 1985இல். அதற்கு முன் எழுதிய பத்திரங்களில் ராமநாதபுரம் மாவட்டம் என்றுதான் இருக்கும். ஆன்லைன் படிவத்தில் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் இப்போதைய மாவட்டம் மட்டும் வரும். அப்புறம் ‘ஆவணமும் விண்ணப்பமும் முரண்’ என்று குறிப்பு வரும்.

இதைச் சரிசெய்யும் பொறுப்பு முறைப்படி மென்பொருள் செய்தவர்களுடையது. தமிழ்ப் பெயரைத் தமிழிலேயே வாங்கலாம். கணினிகள் எல்லாவற்றிலும் தமிழ் எழுத்து ஒரே மாதிரி பதிவாக உதவும் யூனிகோடு முறையைத் தமிழ்நாட்டு அரசு 2010லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. சிறு எழுத்து வேறுபாட்டை இயந்திரம் தானாகத் தள்ளிவிடாமல் ஒரு அலுவலர் பார்வைக்கு அனுப்பலாம். அது நடக்கும்வரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: எல்லா ஆவணத்தையும் ஆதாரில் உள்ளபடி மாற்றப் பாயாமல், முதலில் பள்ளிச் சான்றையும் பிறப்புச் சான்றையும் வைத்து ஆதாரைச் சரிசெய்யுங்கள். பழைய பத்திரத்தைத் தொட வேண்டியதில்லை; ‘இந்த இரண்டு பெயரும் ஒருவரே’ என்ற சான்றோ உறுதிமொழிப் பத்திரமோ பெரும்பாலும் போதும்.

பூர்வீக வீட்டுக்கு வரி கட்ட, பெயர் மாற்ற ஆன்லைனில் முடியவில்லை. பங்காளிகள் நிறையப் பேர். என்ன செய்வது?

நம் வட்டாரத்துக்கே உரிய சிக்கல் இது. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் கோட்டையூரிலும் ஒரு வீதி நடந்தால் போதும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. வரி ரசீதில் ஐயாவின் அப்பச்சி (தாத்தாவின் அப்பா) பெயர் இருக்கும். பங்குதாரர்கள் சென்னையில், சிங்கப்பூரில், கோலாலம்பூரில். வீட்டைத் திறந்து பெருக்கி விளக்கேற்றுபவர் ஒரு ஆச்சி மட்டும். ‘உரிமையாளர் கைபேசி எண்’ என்று ஒரே ஒரு கட்டம் கேட்டால் அதில் யார் எண்ணைப் போடுவது? போட்டவர் நாளைக்கு நான்தான் உரிமையாளர் என்று சொன்னால்? இப்படி ஒரு கட்டம் குடும்பங்களுக்குள் மனஸ்தாபத்தை உண்டாக்கும் என்பதை வடிவமைத்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

வாரிசு ஆவணம் இன்னும் கடினம். பர்மாவிலும் மலாயாவிலும் இறந்த முன்னோருக்கு இறப்புச் சான்று எங்கிருந்து வரும்? 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது இந்தியர்கள் காடு மலை வழியாக நடந்தே வந்தார்கள். வழியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அவர்களுக்கு எந்த அலுவலகமும் சான்று எழுதித் தரவில்லை. ‘கட்டாய இணைப்பு’ என்று சிவப்புப் புள்ளி வைத்த கட்டத்தில் அந்தக் குடும்பம் எதைப் பதிவேற்றும்?

இப்படிப்பட்ட விண்ணப்பங்களுக்கு ஆன்லைனில் ஒரு ‘விளக்கக் கடிதம் இணைக்க’ என்ற இடமும், நேரில் விசாரிக்க ஒரு அதிகாரியும் இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இப்போதைக்கு: நிலத்துக்குக் கூட்டுப் பட்டா என்ற ஏற்பாடு உண்டு, அதில் எல்லாப் பங்காளிகள் பெயரும் வரலாம். இங்கே நடந்து பதிவாகாமல் போன பழைய இறப்பைப் பதிவு செய்யக் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டங்களுக்கு அது தேவகோட்டை கோட்டம். வரியை யார் கட்டினாலும் ரசீதைப் பங்காளிகள் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். ஆண்டுக்கொருமுறை தாலுகாவில் நடக்கும் ஜமாபந்தியையும் (வருவாய்க் கணக்குச் சரிபார்ப்பு) விட்டுவிடாதீர்கள். பதிவேட்டுப் பிழைகளை நேரில் சொல்ல அது நல்ல இடம்.

உதவித்தொகை விண்ணப்பத்தைக் ‘கம்ப்யூட்டரே நீக்கிவிட்டது’ என்கிறார்கள். கம்ப்யூட்டரை யார் கேட்பது?

கம்ப்யூட்டருக்கு விதி எழுதியவர்களைக் கேட்க வேண்டும். இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்வோம். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது, மாதம் 1,000 ரூபாய். சுமார் 1.63 கோடி விண்ணப்பங்களில் சுமார் 1.06 கோடிப் பெண்களுக்குக் கிடைத்தது. லட்சக்கணக்கான வீடுகளுக்கு அது மருந்தும் பாலும் பள்ளிச் செலவுமாக இருக்கிறது. திட்டத்தின் நன்மையை யாரும் மறுக்க முடியாது. தகுதியை எப்படிப் பார்த்தார்கள்? குடும்ப வருமானம், நில அளவு, கார், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போன்ற அளவுகோல்களை அரசிடம் ஏற்கெனவே இருக்கும் தகவல்களோடு ஒப்பிட்டார்கள்.

இதை நம் வீடுகளில் வைத்துப் பாருங்கள். ஒரு பெரிய வீட்டில் மூன்று பங்காளிக் குடும்பங்கள், மின் இணைப்பு ஒன்று. மீட்டரில் ஓடும் யூனிட் எல்லாருக்கும் சேர்த்து. பின்கட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் விதவைப் பெண் அந்தக் கணக்கின்படி வசதியானவர் ஆகிவிடுவார். தகவல் பொய்யில்லை. அது அவரைப் பற்றிய தகவல் இல்லை, அவ்வளவுதான்.

வெளியே நடந்ததையும் சொல்ல வேண்டும். தெலங்கானாவில் 19 லட்சம் அளவுக்கு ரேஷன் அட்டைகள் நேரில் போய்ப் பார்க்காமல் கணினி ஒப்பீட்டை நம்பி ரத்தாகின என்ற வழக்கில், அவற்றை நேரடியாக விசாரிக்கச் சொல்லி 2022இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நெதர்லாந்தில் குழந்தை பராமரிப்பு உதவியில் மோசடி செய்ததாகப் பல்லாயிரம் பெற்றோர் மேல் தவறாகப் பழி விழுந்து, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். அதற்குப் பொறுப்பேற்று 2021 ஜனவரியில் அமைச்சரவையே விலகியது. ஆஸ்திரேலியாவில் வருமானத்தைச் சராசரி போட்டு ஏழைகளுக்குக் கடன் நோட்டீஸ் அனுப்பிய திட்டத்தை விசாரணை ஆணையம் 2023இல் கடுமையாகக் கண்டித்தது. மூன்று இடத்திலும் இயந்திரம் தனக்குச் சொன்னதைத்தான் செய்தது. கேட்பதற்கு ஆள் இல்லாமல் போனதுதான் மக்களை ஒடித்தது.

நம் ஊர்க் கணக்கெழுத்தை நினைத்துப் பாருங்கள். பேரேட்டில் ஒருவர் பெயரில் பற்று எழுதினால் எதற்காக, என்றைக்கு என்று குறிப்பு இருக்கும். பங்காளி கேட்டால் ஏட்டைத் திறந்து காட்டியாக வேண்டும். அரசு ஒருவரின் பெயரை அடித்தால் அதற்குக் குறைந்த மரியாதை எப்படிப் போதும்? எந்த அளவுகோலால் தகுதி இல்லை, அந்தத் தகவல் எந்தத் துறையில் இருந்து வந்தது, யாரிடம் எத்தனை நாளுக்குள் முறையிடலாம் — இந்த மூன்றும் தமிழில் எழுத்தாக வர வேண்டும். உரிமைத் தொகையில் குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யும் வழியை வைத்தது சரியான ஏற்பாடு. பின்கட்டுப் பெண்ணைப் போன்றவர்கள் தனி ரேஷன் அட்டையையும், வி.ஏ.ஓ.வின் நேரடி விசாரணை வேண்டும் என்ற ஒரு வரியையும் மனுவில் சேர்க்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இதையெல்லாம் இன்னும் வேகமாகச் செய்யப் போகிறார்களாமே?

செய்யலாம். தமிழ்நாடு 2020லேயே பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கையை வெளியிட்டது. ஒரு மென்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் முன் பாகுபாடு, தனியுரிமை, தவறான பயன்பாடு, தணிக்கை, டிஜிட்டல் இடைவெளி போன்றவற்றில் மதிப்பெண் போட டீப்-மேக்ஸ் என்ற அட்டையையும் அதில் வகுத்திருக்கிறார்கள். அந்த மதிப்பெண்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

இ-சேவை மையத்தில் ஓடிபி கேட்கிறார்கள், ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். தரலாமா?

உங்கள் கண்ணெதிரே, நீங்கள் கேட்ட விண்ணப்பத்துக்காக வரும் ஓடிபியைச் சொல்லலாம். சொல்லும் முன் குறுஞ்செய்தியில் எதற்கான ஓடிபி என்று படித்துப் பாருங்கள், அல்லது கூட வந்த பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். போனில் கேட்பவர் யாராக இருந்தாலும் தரக் கூடாது. ஸ்கேன் செய்ததும் நகலைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எந்த வேலைக்கு, என்ன தேதி என்று நகலின் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ரேகையை ஆதார் செயலியில் பூட்டி வைக்கலாம். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

விண்ணப்பத்தில் மையத்துக்காரர் தன் எண்ணைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப் போட்டால் ‘மனு நிராகரிப்பு’ என்ற செய்தி அவருக்குத்தான் போகும், உங்களுக்கு மேல்முறையீட்டு நாள் கடந்துவிடும்.

நம் தகவலை அரசு எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாமா?

கூடாது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகச் சொன்னது. அரசு தலையிட வேண்டுமானால் சட்டம், நியாயமான நோக்கம், அதற்கேற்ற அளவு மூன்றும் வேண்டும்.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். அதில் மானியம், சான்றிதழ், உரிமம் தருவதற்காக அரசு நம் சம்மதம் கேட்காமலே தகவலைக் கையாள வழி வைத்திருக்கிறார்கள். சேவை தர அது தேவைதான் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவில் உள்ள தனிநபர் தகவல் விலக்கைத் திருத்தி, அங்கே இருந்த பொதுநலன் நிபந்தனையை எடுத்துவிட்டது. குடிமகன் பற்றி அரசுக்கு அதிகம் தெரியவும், அரசு பற்றிக் குடிமகனுக்குக் குறைவாகத் தெரியவும் இது இடம் கொடுக்கிறது என்று கவலைப்படுகிறேன்.

எஸ்டோனியா என்ற சிறிய நாட்டில், மக்கள் தொகை 13 லட்சம் சொச்சம்தான், அரசு அலுவலர் யார் எப்போது உங்கள் தகவலைத் திறந்து பார்த்தார் என்பதை நீங்களே இணையத்தில் பார்க்கலாம். காரணமில்லாமல் பார்த்தவர் பதில் சொல்ல வேண்டும். நம்மிடமும் இந்த வசதி வர வேண்டும். தொழில்நுட்பம் பெரிய தடையில்லை.

ஸ்மார்ட்போன் இல்லை. கண் பார்வையும் குறைவு. எனக்கு வழி?

போன் இல்லாததற்காக எந்த அரசுச் சேவையும் மறுக்கப்படக் கூடாது. நேரில் மனு வாங்கும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். கண்ணைச் சிமிட்டச் சொல்லிச் சரிபார்க்கும் முறையால் பார்வையற்றவர்களும் அமில வீச்சில் முகம் சிதைந்தவர்களும் தடுக்கப்பட்ட வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்றே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் பெயரை மனுவில் எழுதத் தேவையில்லை, ‘மாற்று வழி வேண்டும்’ என்று உரிமையோடு கேட்டால் போதும்.

இத்தனை மாற்று வழி வைத்தால் போலிகள் புகுந்துவிட மாட்டார்களா? செலவும் கூடுமே?

நியாயமான கேள்வி. கொஞ்சம் செலவு கூடும். போலி ஒருவர் 20 கிலோ அரிசி வாங்குவதால் வரும் நட்டம் பணத்தில் அடங்கும், பின்னால் மீட்கவும் முடியும். தகுதியுள்ள ஒருவர் ஒரு மாதம் அரிசி இல்லாமல் இருந்ததை எந்தத் தணிக்கையும் திருப்பித் தர முடியாது. அதனால் சந்தேகம் வந்தால் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு விசாரிக்கும் முறையைத்தான் நான் ஆதரிப்பேன். கையால் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு விநியோகத்தையும் மாதாமாதம் சரிபார்த்தால் போலிகளையும் பிடிக்கலாம்.

தனி ஆளாக நான் என்ன செய்ய முடியும்?

எதையும் எழுத்தில் கேளுங்கள். மனு எண்ணைக் குறித்து வையுங்கள். 1100க்கு அழைத்து ‘முதல்வரின் முகவரி’ என்ற அரசின் குறைதீர் பிரிவில் பதிவு செய்யலாம். திங்கட்கிழமை சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள். திருமயம் பக்கத்தவர்களுக்குப் புதுக்கோட்டை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. உங்கள் மனு பற்றி மட்டும் கேட்காமல் இதையும் சேருங்கள்: ‘எங்கள் வட்டத்தில் கடந்த ஆண்டு இந்தச் சேவைக்கு எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை நிராகரிக்கப்பட்டன, காரணம் வாரியாக எண்ணிக்கை என்ன, எத்தனை பேர் கருவிக் கோளாறால் திரும்பினார்கள்?’ இதில் யாருடைய தனித் தகவலும் இல்லை என்பதால் மறுக்க இடம் குறைவு.

கிராம ஊராட்சியில் இருப்பவர்கள் அந்தப் பதிலைக் கிராம சபையில் வாசிக்கலாம். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ‘ரேகை விழாதவர்களுக்கு எங்கள் ஊர்க் கடையில் மாற்று வழி எழுதி ஒட்டப்பட வேண்டும்’ என்று ஒரு தீர்மானத்தைக் கொண்டுபோங்கள். 2024இல் மாநகராட்சியான காரைக்குடியில் இருப்பவர்கள் அதே வரியை வார்டு உறுப்பினரிடம் மனுவாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.